பந்துக்காக வளர்ந்த தாடி

கல்யாணமாகித் திருவனந்தபுரத்துக்கு வந்த முதல் வாரத்தில் இவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றார். இவர் என்றால் என் ஆத்துக்காரர். பெயர் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, இந்த வயசில் புதிதாகப் பழகிக்கொள்ளவும் போவதில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்ட தோரணையைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஏற்கெனவே எங்கேயாவது ஒருத்தியைக் கட்டிவைத்திருக்கிறாரோ என்று நினைத்தேன். "இந்த வருஷம் நம்ம டீம் நிச்சயமா ஜெயிக்கும்" என்றார். இவ்வளவுதானா என்று பெருமூச்சு விட்டேன். அந்த டீம்தான் மூத்தாள், நான் இளையாள் என்று புரிவதற்கு எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

டீம் என்பது சாலை என்கிற கடைத்தெருவின் அரிசி மண்டிக்காரர்கள் சேர்ந்து நடத்தின ஃபுட்பால் டீம். மண்டிக்காரர்கள் எல்லாரும் நாஞ்சில்நாட்டிலிருந்தும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தும் வந்து கடை போட்ட தமிழ் மனுஷர்கள். ஆடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கடற்கரைப் பக்கத்து மலையாளத்துப் பிள்ளைகள். அவர்களுக்கு மாசச் சம்பளமும் மத்தியானச் சாப்பாடும் உண்டு. யாராவது கேட்டால் மண்டியில் மூட்டை எண்ணுகிறவர்கள் என்று சொல்லுவார்கள். அவர்கள் மூட்டை எண்ணி யாரும் பார்த்ததில்லை, சாப்பிட்டுத்தான் பார்த்திருக்கிறார்கள். இவர் சர்க்கார் ஆபீசில் கிளார்க்கு. எங்கள் தெரு இருக்கிற ஸ்ரீவராகத்திலிருந்து அந்தச் சாலைக் கடைத்தெரு வழியாக ஆபீசுக்குப் போய்வந்ததில் ஒட்டிக்கொண்ட வியாதி அது.

வருஷா வருஷம் ஓணம் கழிந்ததும் பாளையம் பக்கத்து மைதானத்தில் பெரிய பந்தயம் நடக்கும். கொல்லம், கோட்டயம் என்று எங்கெங்கிருந்தோ டீம்கள் வரும். எங்கள் டீம் முதல் ஆட்டத்தில் தோற்கும். முதல் ஆட்டத்தில் தோற்றால் அந்த வருஷத்துக்கு அவ்வளவுதான், மறுபடி மூட்டை எண்ணப் போக வேண்டியது. நான் வந்து பார்த்த வரைக்கும் இதில் ஒரு வருஷம் கூடத் தவறு நடக்கவில்லை. மழை பொய்த்தாலும் பொய்க்கும், எங்கள் டீம் தோற்பது பொய்க்காது.

பொம்மனாட்டிகள் மைதானத்துக்குப் போகிற வழக்கம் எங்கள் தெருவில் கிடையாது. ஆனால் ஒரு ஆட்டம் கூட நான் பார்க்காமல் இருந்ததில்லை என்றே சொல்லலாம். அடுக்களை வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு இவர் அத்தனையும் எனக்கு ஆடிக்காட்டிவிடுவார். தோற்ற அன்றைக்கு மோர்சாதம் கூட இறங்காது. மறுநாள் விடிந்து காப்பி டம்ளரைக் கையில் வாங்கினதும், "ஆனா ஒண்ணு" என்று ஆரம்பிப்பார். அதிலிருந்து அடுத்த ஓணம் வரைக்கும் எனக்கு விமோசனம் இல்லை. கோல் காக்கிற பிள்ளை ஒருத்தன் இருந்தான். பந்து வேகமாக வந்தால் கண்ணை மூடிக்கொண்டுவிடுவான். ஊரே சிரித்தது. இவர் மட்டும், "கண்ணை மூடிண்டே பாதி பந்தைப் பிடிக்கறான். அடுத்த வருஷம் கண்ணைத் திறந்துண்டு நின்னான்னா யோசிச்சுப் பாரு" என்றார். நான் யோசித்துப் பார்த்தேன். அடுத்த வருஷம் அவன் கண்ணைத் திறந்துகொண்டு நின்றான். வருகிற பந்தைப் பார்த்துப் பயந்து விலகிக்கொண்டான்.

இப்படி ஆறு வருஷம் போன பிறகு ஒரு சித்திரை விஷு அன்றைக்கு இவர் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து, டீம் முதல் ஆட்டம் ஜெயிக்கிற வரைக்கும் முகத்தில் கத்தி படாது என்று வேண்டிக்கொண்டுவிட்டு வந்தார். அதை மைதானத்தில் சொன்னார், மண்டிகளில் சொன்னார், ஆபீசில் சொன்னார். எனக்குக் கடைசியில்தான் சொன்னார். பிள்ளையாரைப் போய் எந்த வம்பில் இழுத்துவிட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவருக்கும் ஒரு பொழுதுபோக்கு வேண்டாமா என்றார்.

இங்கே எங்கள் தெருவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மனுஷர்களில் ஆம்பிளை தாடி வளர்ப்பதற்கு இரண்டே காரணம்தான் உண்டு. தாயார் தகப்பனார் தவறிப்போனால் வருஷம் முடிகிறவரை வளர்ப்பார்கள். இல்லாவிட்டால் ஆத்துக்காரி உண்டாகியிருந்தால் பிரசவம் ஆகிறவரை வளர்ப்பார்கள். கர்ப்பிணியின் புருஷன் முகத்தில் கத்தி படக்கூடாது, மலை ஏறக்கூடாது, ஆற்றில் முங்கக்கூடாது என்று பெரிய பட்டியலே இருக்கிறது. இவருடைய தாயாரும் தகப்பனாரும் அம்பாசமுத்திரத்தில் சௌக்கியமாக, தினம் ஒரு வேளை சண்டை போட்டுக்கொண்டு இருந்தார்கள். அப்படியென்றால் மிச்சம் ஒரு காரணம்தான்.

எங்களுக்கு அதுவரை பிள்ளை இல்லை. அதற்காக நான் காத்திருந்ததை விடத் தெரு அதிகமாகக் காத்திருந்தது. யார் வீட்டுச் சீமந்தத்துக்குப் போனாலும் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் பிறகு வேறு பேச்சு ஆரம்பிப்பார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்குப் பயந்தே பல விசேஷங்களுக்குத் தலைவலி என்று போகாமல் இருந்திருக்கிறேன். ஆகையால் இவர் முகத்தில் கறுப்பு தட்டின உடனே தெருவுக்கு நிம்மதி வந்துவிட்டது.

முதலில் வந்தவள் எதிராத்து மாமி. தெருவில் யாருக்குப் பிரசவம் ஆனாலும் மாமி பக்கத்தில் நிற்காமல் ஆகாது. ஒரு ஜாடி உப்புமாங்காயைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாள் கிணற்றடியில் குடத்தைத் தூக்கப் போனேன், மாமி பிடுங்கிக்கொண்டாள். இனிமேல் தண்ணீர் சுமக்கக்கூடாதாம். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இல்லை மாமி, அப்படி ஒன்றும் இல்லை என்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். மூன்று மாசம் நிறைகிறவரை உண்டாகியிருக்கிறேன் என்று எவளும் ஒத்துக்கொள்ளக்கூடாது, கண் பட்டுவிடும் என்பது எங்கள் தெருவின் சட்டம். எவ்வளவு அழுத்தி இல்லை என்கிறோமோ அவ்வளவு நிச்சயம் என்று அர்த்தம். நான் ரொம்ப அழுத்திச் சொன்னேன். பேசாமல் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று, சாலை டீம் ஜெயிக்க வேண்டும் என்ற வேண்டுதலுக்காக வளர்க்கிறார் மாமி என்றேன்.

மாமி குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "ஒரு பந்துக்காக மனுஷன் தாடி வளப்பானோ? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும் குட்டி. சாரமில்லே, போனாப் போறது, நான் யார்கிட்டேயும் சொல்ல மாட்டேன் கேட்டியோ" என்றாள். விளக்கு வைப்பதற்குள் இரண்டு தெருவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் இரண்டு செய்தி நடமாடிக்கொண்டிருந்தது. ஆம்பிளைகளுக்கு அந்தத் தாடி பந்துக்காக. பொம்மனாட்டிகளுக்கு அது என் வயிற்றுக்காக. இரண்டு செய்தியும் ஒரே வாசல்படியைத் தாண்டித்தான் போய்வந்தது. ஆனாலும் ஒன்றை ஒன்று சந்திக்கவே இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் அவ்வளவு பேசிக்கொள்ளுகிற தெரு இல்லை எங்களுடையது. மைதானத்தில் இவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள், கிணற்றடியில் என் தலையைத் தடவிக்கொடுத்தார்கள். ஆபீசில் மட்டும், வேண்டுதல் காதில் விழாத மலையாளத்து மேலதிகாரி, "அச்சனோ அம்மையோ?" என்று, அப்பாவா அம்மாவா தவறினது என மெதுவாகத் துக்கம் விசாரித்தாராம்.

உபசாரம் சும்மா சொல்லக்கூடாது. புளியிஞ்சி வந்தது, நாரத்தங்காய் வந்தது, ஒருத்தி சுடச்சுட அடை வார்த்துக்கொண்டு வந்தாள். ஆறு வருஷமாக என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினவர்கள் எல்லாரும் இப்போது என்னைப் பார்த்துக்கொண்டே பேசினார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்த அளவுக்குப் பயமாகவும் இருந்தது. வயிறு என்று ஒன்று இருக்கிறதே, அது நாலு மாசம், அஞ்சு மாசம் என்றால் சும்மா இருக்குமா? அன்றைக்குத் தெரு என் முகத்தில் எப்படி விழிக்கும், நான் தெருவில் எப்படி நடப்பேன் என்று நினைத்தால் கையில் எடுத்த அடையைத் தட்டிலேயே வைத்துவிடுவேன்.

இவருக்கு இது எதுவும் தெரியாது. ஆடியில் மண்டிக்காரர்களுக்கு ஒரு புது யோசனை வந்திருந்தது. ஆட்டக்காரர்களைக் கல்லாற்றுக்குக் கூட்டிக்கொண்டு போய், பாறை மேல் ஓடவிட்டு, மலைத் தண்ணீரில் முங்கவைத்தால் கால் இறுகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எங்கள் டீமுக்குக் கால் இறுகிப்போனதுதான் வியாதி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இவரும் கூடப் போகிறதாக ஏற்பாடு. விடிந்ததும் துண்டும் மாற்று வேஷ்டியும் எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினார். எதிரே மாமி கோலமாவுக் கிண்ணத்தோடு வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கேயாக்கும் கிளம்பியிருக்கே? கல்லாத்துக்கா? கர்ப்பிணி புருஷன் மலையேறப்படாது, ஆத்துல முங்கப்படாதுன்னு உனக்குச் சொல்லிக்குடுக்க ஆளில்லையோ?"

நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். இவர் அப்படியே நின்றார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. டீம் ஜெயித்திருந்தால் ஒரு வேளை பார்த்திருப்பேன். மாமிக்குத் தெரிந்த விஷயத்தை நான் தனக்குச் சொல்லாமல் வைத்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். நான் மாமி பார்க்காதபடி, அப்படி ஒன்றும் இல்லை என்று தலையை ஆட்டினேன். இவர் புரியாத மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தார். நான் இன்னொரு தடவை தலையை ஆட்ட வேண்டியிருந்தது. என் வாழ்க்கையில் செய்த காரியங்களில் அது கஷ்டமானது.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். கல்லாற்றுக்குப் போகவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன், உப்புமாங்காயிலிருந்து அடை வரைக்கும். முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுபோயிற்று. வேண்டுதலும் ஆச்சு ஒன்றும் ஆச்சு, இப்போதே போய்த் தாடியை எடுத்துவிட்டு வருகிறேன் என்றார். எடுத்தால் கலைந்துபோய்விட்டது என்று துக்கம் கேட்க வருவார்களே என்றேன். வைத்துக்கொண்டிருந்தால் என்றார். வைத்துக்கொண்டிருந்தால் வயிறு எங்கே என்பார்கள் என்றேன். கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்துகொண்டே இருந்தார். அதுவரை நான் பார்த்த மனுஷர்களில் தாடிக்குள்ளே மாட்டிக்கொண்டவர் அவர் ஒருத்தர்தான்.

"இன்னும் நாள் இருக்கே. அதுக்குள்ள நிஜமாவே ஆயிடுத்துன்னா?" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இது உங்கள் டீம் இல்லை, வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருக்க என்று கத்திவிட்டு அடுக்களைக்குள் போனேன். ஆறு வருஷத்தில் பிள்ளையைப் பற்றி எங்களுக்குள் நடந்த முதல் பேச்சு அது. அவ்வளவோடு அதுவும் நின்றது. அவர் பந்தைப் பற்றிப் பேசினார், நான் புளியைப் பற்றிப் பேசினேன். அடுத்த வீட்டு மாமிகள் எப்போது வளைகாப்பு, ஊரிலிருந்து மாமியார் வருகிறாளா என்று கேட்க ஆரம்பித்தார்கள். கண்ணாடி வளைக்காரனிடம் எதிராத்து மாமி பச்சையும் சிவப்புமாகப் பார்த்து வைத்துவிட்டதாக எனக்குக் காதில் விழுந்தது. அவளைக் கூப்பிட்டு மறுபடி ஒரு தடவை உண்மையைச் சொல்லத்தான் வேண்டும் என்று தினம் காலையில் தீர்மானம் பண்ணுவேன். சாயங்காலத்துக்குள் அவள் ஏதாவது ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்துவிடுவாள்.

ஓணம் வந்தது, போயிற்று. முதல் ஆட்டம் கொல்லத்து டீமோடு. இவர் மத்தியானமே ஆபீசில் சொல்லிக்கொண்டு போய்விட்டார். தோற்றால் தாடி இருக்கும், வயிறு இருக்காது. ஜெயித்தால் தாடி போகும், அப்போதும் வயிறு இருக்காது. நான் எந்தக் கட்சிக்கு வேண்டிக்கொள்ளுவது என்று தெரியாமல் விளக்குக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மைதானத்தில் நடந்ததை அப்புறம்தான் கேட்டேன். கொல்லத்து டீம் வரவே இல்லை. அவர்கள் வந்த பஸ் ஆற்றிங்கல் பக்கத்தில் அச்சு முறிந்து நின்றுவிட்டது. குறித்த நேரம் தாண்டியதும் ரெஃபரி விசில் ஊதினார். ஆளில்லாத கோலுக்குள் பந்தை ஒரு தடவை அடித்துவிட்டால் ஜெயித்ததாகக் கணக்காம். எங்கள் பிள்ளை அடித்தான், பந்து கம்பத்துக்கு வெளியே போயிற்று. கொண்டுவந்து மறுபடி வைத்துக்கொடுத்தார்கள். இரண்டாம் தடவை உள்ளே போயிற்று. எதிரே ஒருவரும் இல்லாத ஆட்டத்தை எங்கள் டீம் அப்படித்தான் ஜெயித்தது.

மண்டிக்காரர்கள் இவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். டீம் ஜெயித்ததே இவருடைய தாடியால்தான் என்று அவர்களுக்கு நிச்சயம். கண்ணாடி வைத்த சவரக் கடை ஒன்று சாலையில் இருந்தது. பிள்ளையாருக்குக் கொடுத்த வாக்கைத் தள்ளிப்போடக்கூடாது என்று நேரே அங்கே கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டார்கள். ஒரு கன்னம் வெளுத்த பிறகுதான் இவருக்கு என் ஞாபகம் வந்ததாம். நிறுத்தச் சொன்னாராம். ஒரு பக்கம் மட்டும் தாடியோடு வீட்டுக்குப் போனால் என்ன சொல்லுவார்கள் என்று கடைக்காரன் கேட்டிருக்கிறான். இவர் மற்றக் கன்னத்தையும் காட்டிவிட்டார்.

தெருமுனையில் திரும்பும்போதே மாமி இவர் முகத்தைப் பார்த்துவிட்டாள். நான் வாசலுக்கு வருவதற்குள் அவள் உள்ளே வந்துவிட்டாள், அவளுக்குப் பின்னாலே நாலைந்து பேர். மாமி என்னைக் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "எப்போடி ஆச்சு? ஒரு வார்த்தை கூப்பிடப்படாதோ? எதிர்லதானே இருக்கேன்" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. ஒருத்தி மிளகு ரசம் வைக்க அடுக்களைக்குள் போனாள். இன்னொருத்தி என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

ஒன்றும் ஆகவில்லை மாமி, இருந்தால்தானே ஆவதற்கு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கல்யாணமானதிலிருந்து சேர்த்துவைத்த அத்தனையும் சேர்ந்து வந்த மாதிரி இருந்தது. இல்லாத பிள்ளைக்காக, அத்தனை பேர் நடுவில், வெட்கமில்லாமல் அழுதேன். அவர்களும் அழுதார்கள். அவரவர் வீட்டில் அப்படிக் கலைந்துபோனதையும் பிறந்து தங்காததையும் நினைத்து அழுதிருப்பார்கள். இவர் வழவழவென்ற முகத்தோடு கூடத்து மூலையில் நின்றுகொண்டிருந்தார். அவரை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு எல்லாரும் கலைந்து போனார்கள். இவர் வழக்கமான அடுக்களை வாசல்படியில் வந்து உட்கார்ந்தார். ஜெயித்த கதையைச் சொல்லப்போகிறார், சொல்லட்டும், இன்றைக்கு இருக்கிறது அவருக்கு என்று நான் கரண்டியோடு காத்திருந்தேன். அவரோ முகத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணும் இல்லேன்னு எனக்கு நன்னாத் தெரியும். நீதான் சொன்னியே. ஆனாலும் அவா எல்லாரும் தினம் வந்து வந்து உனக்குப் பண்ணறதைப் பாத்துப் பாத்து, இருக்குன்னே நெனைச்சுண்டுட்டேன். சவரக் கடையில அந்தக் கன்னம் போனப்போ..." என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அவரை என்ன சொல்லித் திட்டுவது? கண்ணை மூடிக்கொண்டு நின்ற கோல்காரனை நம்பின மனுஷன் அவர். இல்லாத பிள்ளையை நம்புவது அவருக்குப் பெரிய காரியமா என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மாமியிடம் மறுபடி உண்மையைச் சொல்லாமல் நாளைத் தள்ளினவள் நான். மத்தியான வேளைகளில் கதவைச் சாத்திக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி நின்று, வயிறு கொஞ்சம் தெரிகிறதா என்று கண்ணாடியில் பார்த்தவளும் நான்தான். தள்ளிப்போகாத மாசத்தையே தள்ளிப்போயிருக்கிறது என்று இரண்டு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நானும்தான்" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சியில் இருந்து தோற்றது அன்றைக்குத்தான்.